உதவி: ஃபிளினாக் உருகல் சூடாக ஆகக் கடத்துதிறன் குறைகிறது. தலைகீழாக இருக்கிறதே?

லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஃபுளோரைடுகளை 46.5 – 11.5 – 42 மோல் விகிதத்தில் கலந்து உருக்கியிருக்கிறேன், இந்தக் கலவைதான் ஃபிளினாக். தனித்தனியே 840 டிகிரிக்கு மேல்தான் உருகும் மூன்றும் சேர்ந்தால் 454 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுகின்றன. நிக்கல் குரூசிபிள் (உருக்கும் கிண்ணம்), ஆர்கான் குளோவ் பாக்ஸ், 0.5 மி.மீ. பிளாட்டினக் கம்பி இரண்டு, ஒவ்வொன்றும் 40 செ.மீ. செல் மாறிலி (மின்னோட்டப் பாதையின் நீளத்தை அதன் குறுக்குப் பரப்பால் வகுத்தது) செ.மீ.க்கு 0.3; இதைத் தடையால் வகுத்தால் கடத்துதிறன். குளிர்ந்த நிலையில் கம்பிகளை ஷார்ட் செய்து (ஒன்றோடொன்று நேரடியாகத் தொடவைத்து) அளந்த 0.43 ஓமைக் கழித்துவிட்டேன்.

மொத்த மின்தடை 500 டிகிரியில் 1.13 ஓம், 700-ல் 1.15 ஓம். அதாவது செ.மீ.க்கு 0.43 சீமென்ஸிலிருந்து 0.42-க்கு இறங்குகிறது. மூன்று முறை செய்தாச்சு, அதேதான். உப்பு கெட்டுப்போச்சா?

சும்மா வந்தவன்: ஈரமா இருக்கும். பொட்டாசியம் ஃபுளோரைடு காற்றைப் பார்த்தாலே தண்ணி குடிக்கும்.

உலைக்காரன்: ஈரம் கெடுதல்தான், ஆக்சைடு சேரும், சூட்டில் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் கிளம்பும். ஆனா ஈரத்தால் போக்கே தலைகீழாகாது. இந்த உப்பின் பாகுத்தன்மை 500-ல் சுமார் 8 மில்லிபாஸ்கல்-நொடி, 700-ல் சுமார் 2.5. மூன்றில் ஒரு பங்காகத் தளர்ந்த திரவத்தில் அயனிகள் மெதுவாகப் போகுமா என்ன?

நீங்க அளப்பது உப்பை இல்லீங்க, கம்பியை. பிளாட்டினத்தின் தடை 600 டிகிரியில் 0 டிகிரியில் இருந்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதை நம்பித்தானே பிளாட்டின வெப்பமானியே ஓடுது! கம்பியில் பாதி உலைக்குள் இருந்தாலும் 0.43 என்பது 0.8, 0.9 ஆகிவிடும். உருகலின் பங்கு 0.3 ஓமோ அதற்கும் குறைவோதான். உப்பு இறங்கும் அளவைக் கம்பி ஏறி விழுங்கிவிடுகிறது.

கேட்டவர்: அட! குளிரில் ஷார்ட் செய்ததை நினைத்தால் வெட்கமா இருக்கு. நாலு கம்பி இணைப்புக்கு (மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தம் அளக்க இரண்டு) மாறினால் போதுமா?

உலைக்காரன்: பாதிதான் தீரும். 0.3 ஓமை நம்பவே கூடாது. கம்பிகளின் ஒரு மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் (மாறுமின்னோட்டத்தைக் கம்பி எதிர்க்கும் குணம்) 100 கிலோஹெர்ட்ஸில் 0.6 ஓம் காட்டும், அது உங்க உப்பைவிடப் பெரிசு. மேலும் நிக்கல் குரூசிபிளே ஒரு கடத்தி, மின்னோட்டம் சுவர் வழியாகக் குறுக்கே ஓடியிருக்கும். பாதையை ஒரு குறுகிய குழாய்க்குள் அடைத்து நீளமாக்குங்க. உள்விட்டம் 4 மி.மீ., நீளம் 5 செ.மீ. என்றால் செல் மாறிலி 40 வரும், தடையும் பத்துக்கணக்கான ஓமுக்குப் போகும்.

கேட்டவர்: குவார்ட்ஸ் குழாய் கையில் இருக்கு, போடலாமா?

மின்பகுளி: வேண்டவே வேண்டாம்! ஃபுளோரைடு சிலிக்காவைத் தின்றுவிடும். அலுமினாவும் கரையும். பைரோலிட்டிக் (வாயுவிலிருந்து படியவைத்த) போரான் நைட்ரைடு வாங்குங்க. ஹாட் பிரஸ் (தூளைச் சூட்டில் அழுத்திச் செய்த) வகை விலை குறைவு, ஆனா அதில் போரான் ஆக்சைடு பிணைப்பி இருக்கும், உருகலுக்குள் கசியும். மாறிலியைக் கணக்குப் போட்டு எடுக்காதீங்க, 1 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அளந்து எடுங்க. 25 டிகிரியில் செ.மீ.க்கு 0.1118 சீமென்ஸ், உங்க குழாய்க்குச் சுமார் 358 ஓம் வரணும்.

உலைக்காரன்: பிளாட்டினம் முனைகளையும் குழாயின் இரு பக்கமும் வையுங்க, ஒன்று உள்ளே ஒன்று வெளியே. ஹைட்ரஜன் ஃபுளோரைடு தோலில் பட்டால் தடவ கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே.

கேட்டவர்: இரண்டு வாரம் கழித்து வருகிறேன். குளோரைடு கரைசலில் 361 ஓம். உருகலில் ஒவ்வொரு 50 டிகிரிக்கும் தடை ஒழுங்காக இறங்குகிறது, குளிர்விக்கும்போது அதே வழியில் ஏறுகிறது. பழைய மூன்று ஓட்டங்களும் குப்பைக்குப் போச்சு.

சும்மா வந்தவன்: அப்போ ஈரம் இல்லையா?

கேட்டவர்: அதுவும் இருந்தது 😄 வெற்றிடத்தில் சுட்டபோது தண்ணீர் விட்டது.