புதுப்பிப்பு: புது ஸ்டாக் தளத்துக்குப் படம் கொடுப்பதா?

புதிதாகத் தொடங்கிய ஒரு ஸ்டாக் நிறுவனம் (நாம் எடுத்த படங்களை இணையத்தில் விற்றுத் தரும் தளம்) விற்பனையில் பாதி தருவதாக அழைக்கிறது, சேரலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? இப்போதைக்கு இல்லை. ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தேன்: பங்கு 50 சதவீதம்தான், ஆனால் 100 டாலர் சேர்ந்தால்தான் கையில் வரும், படத்தை நீக்கச் சொன்ன பிறகும் பல மாதம் விற்பார்கள், போதாக்குறைக்குக் கூட்டாளித் தளங்களுக்கு என்ன விலைக்கும் தள்ளிவிடலாம் என்று ஒரு மூலையில் செருகியிருக்கிறார்கள். அடோபி ஸ்டாக் படத்துக்கு 33 சதவீதம்தான் தருகிறது, ஆனால் 25 டாலரிலேயே எடுக்கலாம், வாங்க ஆளும் இருக்கிறது. விற்காத இடத்தில் பாதி கிடைத்தென்ன, முழுசும் கிடைத்தென்ன? புதுத் தளம் எதிலாவது பணம் உண்மையில் கைக்கு வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அப்புறம் யோசிக்கிறேன்.