கலைச்சொல் தேவை: சிஸ்ஜெண்டரிசம், மிஸ்ஜெண்டரிங் (வெள்ளிக்குள்)

வே.க. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

முதுகலை உளவியல் வகுப்புக்கான வாசிப்புத் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் அன்சாரா, ஹெகார்ட்டி இருவரும் 2012இல் எழுதிய கட்டுரை இருக்கிறது. 1999 முதல் 2008 வரை குழந்தைகளின் பாலின அடையாளம், பாலின வெளிப்பாடு பற்றி வந்த 94 கட்டுரைப் பதிவுகளை எடுத்து, அவற்றின் மொழியைச் சோதித்திருக்கிறார்கள். குழந்தைகளை ஆராய்ந்தவர்களை ஆராய்ந்த கட்டுரை என்று சொல்லலாம். வெள்ளிக்கிழமை இது வகுப்புக்குப் போக வேண்டும்.

மூன்று சொற்கள் வேண்டும். பேத்தாலஜைசிங் என்பதற்கு 'நோயாக்கல்' என்று வைத்திருக்கிறேன், யாரும் மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மற்ற இரண்டும் சிஸ்ஜெண்டரிசம், மிஸ்ஜெண்டரிங் (ஒருவர் தன் பாலினம் என்று சொல்வதற்கு மாறாக அவரைக் குறிப்பது).

முதல் சொல்லுக்கு அவர்கள் தரும் வரையறையின் சாரம்: ஒருவர் தன் பாலினம் இன்னது என்று தானே சொல்வதும், வெளியிலிருந்து அவருக்குச் சொல்லப்படுவதும் வேறுபடும்போது, அவர் சொல்வதைச் செல்லாததாக்குகிற அல்லது நோயாகக் காட்டுகிற கருத்தியல். 'திருநர் வெறுப்பு' இதற்குப் பொருந்தாது. வெறுப்பு ஒரு மனிதருடைய மனத்தில் இருப்பது. இங்கே சொல்லப்படுவது, அன்பாகவே நடந்துகொள்ளும் மருத்துவருடைய கட்டுரையிலும் இருக்கக்கூடியது. அதனால் வெறுப்பு, வெறி இரண்டும் வேண்டாம்.

அ.இரா. எழுதியது:

அம்மா, வேரிலிருந்து பார்ப்போம். சிஸ் என்பது இலத்தீன் முன்னொட்டு. 'இந்தப் பக்கத்து' என்று பொருள். ஆல்ப்ஸ் மலைக்கு ரோமாபுரிப் பக்கம் இருந்த நாட்டைச் சிஸ்ஆல்பைன் என்றார்கள், மலைக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்ஆல்பைன். வேதியியலில் சிஸ், டிரான்ஸ் மாற்றியங்கள் இருப்பதும் இதே கணக்குத்தான். பாலியல் துறைக்கு இதை 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜெர்மானிய ஆய்வாளர் வோல்க்மார் சிகுஷ். பிறப்பில் சொல்லப்பட்ட பாலினத்தையே தன் பாலினமாகக் கொண்டவர் சிஸ், அப்படி இல்லாதவர் டிரான்ஸ்.

தமிழில் இதற்குப் புதிதாக எதுவும் ஆக்கவே தேவையில்லை. பால் என்றால் பக்கம், பால் என்றால் பாலினம். இப்பால், அப்பால் என்று சொல்லிப் பாருங்கள். இலத்தீனுக்குக் கிடைக்காத இரட்டைப் பொருள் நமக்கு இயல்பாகவே வந்து விழுகிறது. இரண்டிலும் அடங்காதவர்களுக்கு உகரச் சுட்டு இருக்கிறது: உப்பால். அ சேய்மை, இ அண்மை, உ இடைமை. முச்சுட்டும் முப்பாலுக்கு அமைந்துவிட்டன. ஆகவே சிஸ்ஜெண்டரிசம் 'இப்பாலியம்' ஆகும்.

ஈ.தி. எழுதியது:

ஐயா, உகரச் சுட்டு நடுவைச் சுட்டும் என்பது இலக்கணம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் உது, உவன் இன்றும் புழங்குகின்றன. அங்கே 'உது' என்றால் கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது, நடுவில் இருப்பது அல்ல. குறளில் 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' என்ற இடத்தில் உப்பக்கம் புறமுதுகு. ஆக உப்பால் என்றால் நடுவா, உங்கள் பக்கமா, முதுகுப் பக்கமா என்று முடிவு செய்துகொண்டுதான் மேலே போக வேண்டும்.

அ.இரா. எழுதியது:

உப்பக்கத்துக்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம் வேறு, சுட்டின் அடிப்படைப் பொருள் வேறு. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

நா.பொ. எழுதியது:

பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன். 'இப்பாலினம்' என்று ஒரு மாணவர் படித்தால் 'இந்தப் பாலினம்' என்றுதான் எடுத்துக்கொள்வார். 'இப்பாலினத்தவர் பற்றிய ஆய்வு' என்றால் எந்தப் பாலினத்தவர் என்று முந்தைய வரியைத் தேடுவார். அழகான சொல்தான், பாடத்தில் நிற்காது. சிஸ்ஜெண்டரிசம் என்றே எழுதி முதல் இடத்தில் விளக்கம் கொடுத்துவிடலாம். மாணவர் நாளைக்கு மூலக் கட்டுரையைத் தேடும்போதும் அதுதான் உதவும்.

ம.செ. எழுதியது:

வணக்கம். உளவியல் ஆய்வு மாணவன் நான், திருநம்பி. இப்பால், அப்பால் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எழுதுகிறவர் நிற்கும் இடம்தான் எப்போதும் 'இப்பால்' ஆகிறது. நான் எழுதினால் எனக்கு நான் இப்பால்தானே? ஐயா தந்த ஆல்ப்ஸ் எடுத்துக்காட்டிலேயே அளவுகோல் ரோமாபுரி. அந்த மலைக்கு வடக்கே இருந்தவரை யாரும் கேட்கவில்லை. கட்டுரை கேள்விக்கு உட்படுத்துவதும் இதே அளவுகோலைத்தான்.

இன்னொன்று. கட்டுரையின் மையம் சிஸ் அல்ல. யார் சொல்வது செல்லும் என்பதுதான் மையம். ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன். இது அந்தக் கட்டுரையில் உள்ளதல்ல, இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் மனநோய்க் கையேடான டிஎஸ்எம்மின் நான்காம் பதிப்பில் குழந்தைக்கான பாலின அடையாளக் கோளாற்றுக்கு ஐந்து அறிகுறிகளில் நான்கு இருந்தால் போதும். 'நான் வேறு பாலினம்' என்றோ அப்படி ஆக விரும்புவதாகவோ குழந்தை சொல்வது அந்த ஐந்தில் ஒன்று மட்டுமே. அப்படி ஒருபோதும் சொல்லாத குழந்தையையும் விளையாட்டு, உடை, தோழமை ஆகியவற்றை வைத்தே உள்ளே சேர்க்கலாம். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் அந்த ஒன்றைக் கட்டாயமாக்கியது. இப்போது, பழைய அளவுகோலில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டு கழித்துப் பார்த்து, 'பெரும்பாலோர் மாறிவிட்டார்கள்' என்று சொன்ன ஆய்வுகளை நினைத்துப் பாருங்கள். அவர்களில் சிலர் எதையும் சொல்லவே இல்லை, பிறகு எதிலிருந்து மாறினார்கள்? சில ஆய்வுகளில், மருத்துவமனைக்குத் திரும்பி வராதவர்களையும் மாறியவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். அந்த முடிவுகள் இன்றைக்கும் குழந்தைகளின் சிகிச்சை பற்றிய விவாதங்களில் மேற்கோளாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. நமக்கு வேண்டிய சொல்லில் இது தெரிய வேண்டும்.

அ.இரா. எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் வெறுங்கையோடு நிற்கவில்லை. நன்னூல் சொல்கிறது:

'பெண்மைவிட்டு ஆண் அவாவுவ பேடு ஆண்பால்
ஆண்மைவிட்டு அல்லது அவாவுவ பெண்பால்'

பாலைத் தீர்மானிப்பது அவாவுதல், அதாவது அந்த நபருடைய விழைவு. பிறப்பு அல்ல. நவீன உளவியல் இவ்வளவு தடுமாறிய இடத்தில் பவணந்தியார் ஒரே வினைச்சொல்லில் முடித்துவிட்டார்.

ஈ.தி. எழுதியது:

மூன்றாம் அடியை விட்டுவிட்டீர்கள் ஐயா. 'இருமையும் அஃறிணை அன்னவும் ஆகும்.' அதே நூற்பாதான், அப்படி விழைபவர்களை அஃறிணைபோலச் சொல்வதற்கும் இடம் கொடுக்கிறது.

அ.இரா. எழுதியது:

விட்டுவிடவில்லை, இந்த விவாதத்துக்கு அது தேவைப்படவில்லை.

ம.செ. எழுதியது:

தேவைப்படுகிறது ஐயா. எங்களை 'அது' என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வே.க. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டாம் சொல்லுக்கு வரலாமா? மிஸ்ஜெண்டரிங். கட்டுரை நோயாக்கலையும் இதையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறது. இது நோயாக்கலைவிடக் குறைவாகவே காணப்பட்டது என்கிறார்கள்.

அ.இரா. எழுதியது:

இதில் விவாதமே இல்லை. பால்வழு. ஏழு வழுக்களில் ஒன்று. 'அவள் வந்தான்' என்றால் பால்வழு என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தூய தமிழ், எல்லோருக்கும் புரியும், இரண்டே சொற்களின் கூட்டு. நா.பொ.கூட மறுக்க முடியாது.

நா.பொ. எழுதியது:

மறுக்கவில்லை. எனக்கும் பிடித்திருக்கிறது.

ம.செ. எழுதியது:

எனக்குத் தயக்கம் உண்டு. பால்வழு என்றால் வாக்கியத்தில் நேர்ந்த பிழை, திருத்தினால் தீர்ந்தது என்று ஆகிவிடும். ஆய்வில் நடப்பது வாக்கியப் பிழை மட்டும் அல்ல. 1980களில் பாலியல் ஆய்வாளர் ரே பிளான்சர்ட் வகுத்த வகைப்பாட்டில், ஆண்களை விரும்பும் திருநங்கைகளுக்கு 'தன்பால் விழைவு' என்ற அடைமொழி கொடுக்கப்பட்டது. அவர்களைப் பெண்கள் என்று எடுத்துக்கொண்டால் அது எதிர்பால் விழைவு. ஒரு வாக்கியத்தில்கூட 'அவன்' என்று எழுதாமலேயே, வகைக்கு வைத்த பெயரிலேயே அவர்களை ஆணாக்கிவிட முடிகிறது. இலக்கண ஆசிரியர் சிவப்பு மையில் எதைத் திருத்துவார்?

அப்புறம் வழுவமைதி இருக்கிறது. 'உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே.' கோபத்தில், இழிவாகச் சொல்லும்போது பால் மாறினால் அது இயல்பு என்று அமைத்துக்கொள்ளச் சொல்கிறது நன்னூல். நாங்கள் எதைத் தவறு என்கிறோமோ அதற்கே மன்னிப்பு எழுதி வைத்திருக்கிறது.

அ.இரா. எழுதியது:

தம்பி, அந்த நூற்பாவை நான் வேறு மாதிரி படிக்கிறேன். செறல், இழிப்பு என்று பெயரிட்டுச் சொல்கிறதே, அதைப் பாருங்கள். பால் மாற்றிச் சொல்வதில் சினமும் இகழ்ச்சியும் வெளிப்படும் என்பதை மொழியாராய்ச்சியாக அன்றே பதிவு செய்துவிட்டார்கள். அமைதி என்றது இலக்கணத்துக்கு. அறத்துக்கு அல்ல.

ஈ.தி. எழுதியது:

இருவர் சொல்வதும் நிற்கும். 'பால்வழு' பெயராகவும், வேண்டிய இடத்தில் 'பால்வழுப்படுத்தல்' வினையாகவும் இருக்கட்டும். படுத்தல் வந்தால் செய்தவர் ஒருவர் உண்டு என்பது தெரிந்துவிடும்.

வே.க. எழுதியது:

நல்லது. இப்போது முதல் சொல்லுக்குத் திரும்புகிறேன். நேற்று அ.இரா. ஐயா தனி மடலில் தொல்காப்பிய அடி ஒன்றை அனுப்பினார்: 'பெண்மை சுட்டிய உயர்திணை மருங்கின் ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவியும்.' திரிந்த என்பது எனக்கு உதவவில்லை. விலகல், பிறழ்வு என்ற வாடை அடிக்கிறது, நோயாக்கல் பற்றிய கட்டுரையில் அதை வைக்க முடியாது. ஆனால் 'சுட்டிய' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. கட்டுரை முழுக்கப் பேசுவது இரண்டு சுட்டுதலைப் பற்றித்தான். தானே சுட்டுவது, பிறர் சுட்டுவது. தற்சுட்டுப் பாலினம், பிறர்சுட்டுப் பாலினம். பிறர் சுட்டுவதே செல்லும் என்ற கருத்தியல் 'பிறர்சுட்டு வாதம்.' என்ன சொல்கிறீர்கள்?

ம.செ. எழுதியது:

அம்மா, இது பொருந்துகிறது. சிஸ் யார், டிரான்ஸ் யார் என்று ஆளைப் பிரிக்காமல், செயலைச் சொல்கிறது. பெற்றோரை மட்டும் கேட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய ஆய்வுகளையும் இதே சொல்லால் குறிக்கலாம். 2018இல் 'திடீர்ப் பாலின ஒவ்வாமை' (தன் பாலினம் பொருந்தவில்லை என்ற உணர்வு இளையோரிடம் திடீரென எழுவது) என்ற கருதுகோளோடு வந்த ஆய்வு அப்படித்தான். 256 பெற்றோர் விடை தந்தார்கள், அவர்களுக்கு அழைப்பு போனது மூன்று இணையதளங்கள் வழியாக. ஒரு பிள்ளையும் கேட்கப்படவில்லை. 2019இல் இதழே திருத்தம் வெளியிட வேண்டி வந்தது.

நா.பொ. எழுதியது:

வாதம் சரிதானா? வாதம் என்றால் யாரோ எடுத்து வைத்து நிறுவுவது. இதை யாரும் வாதிடுவதில்லை, சொல்லாமலே கைக்கொள்கிறார்கள்.

அ.இரா. எழுதியது:

வாதம் வடசொல்லும்கூட. பிறர்சுட்டியம்.

ஈ.தி. எழுதியது:

இயம் வேண்டாம். பெண்ணியம், மார்க்சியம் என்று ஆதரித்து நிற்கும் கொள்கைகளுக்கு வருவது.

அ.இரா. எழுதியது:

சாதியம்?

ஈ.தி. எழுதியது:

சரி, சாதியம் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

நா.பொ. எழுதியது:

பிறர்சுட்டியம் என்றே போகலாம், அடைப்புக்குள் சிஸ்ஜெண்டரிசம் என்று முதல் இடத்திலாவது இருக்கட்டும். அது இல்லாமல் நான் ஒப்ப மாட்டேன்.

வே.க. எழுதியது:

இருக்கும். இன்னொரு சிறு சொல். மனநலத் தொழில்முறையாளர்களின் கட்டுரைகளில் இந்தப் போக்கு மற்றவர்களைவிட அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். துறையில் மிக அதிகம் எழுதிய ஒருவரைச் சுற்றி அமைந்த ஒரு 'இன்விசிபிள் காலேஜ்' இருப்பதாகவும், அதன் கட்டுரைகளில் இந்தப் போக்கும் கூடுதல், செல்வாக்கும் கூடுதல் என்றும் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கல்லூரி என்று போட்டால் மாணவர்கள் கட்டடத்தைத் தேடுவார்கள்.

அ.இரா. எழுதியது:

17ஆம் நூற்றாண்டில் இராபர்ட் பாயில் தன் கடிதங்களில் கையாண்ட சொல் அது. 1960களில் அறிவியல் வரலாற்றாசிரியர் டெரெக் டி சொல்லா பிரைஸ் அதை எடுத்து, ஒருவரையொருவர் படித்து மேற்கோள் காட்டும் ஆய்வாளர் கூட்டத்துக்குப் பெயராக்கினார். அங்கும் கட்டடம் கிடையாது. கல்லூரி என்ற சொல் சிந்தாமணியிலேயே உண்டு, அதைக் கைவிட எனக்கு மனமில்லை. கரந்துறை கல்லூரி?

நா.பொ. எழுதியது:

மறைமுக ஆய்வுவட்டம். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

வே.க. எழுதியது:

ஆய்வுவட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒரு சிக்கல், இது சொல் சார்ந்ததும் அல்ல. மூலத்தில் 'அந்தக் குழந்தை சொன்னது' என்று வரும் இடங்களில் வினைமுற்றை எப்படி முடிப்பது? ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லையே திரும்ப எழுதித் தப்பிக்கலாம். நமக்கு வினையிலேயே பால் வந்துவிடுகிறது. சொன்னான், சொன்னாள் இரண்டும் நானே முடிவு செய்வதாக ஆகும். குழந்தைக்கு 'சொன்னது' இயல்பான தமிழ்தான், ஆனால் மூன்றாம் அடியைப் பற்றிப் பேசிய பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. எல்லா இடத்திலும் பன்மையாக்கிக் 'குழந்தைகள் சொன்னார்கள்' என்று மாற்றி வருகிறேன். தனி ஒரு குழந்தையைப் பற்றி வரும் இடங்களில் 'சொன்னார்' என்று வைக்கிறேன்.

அ.இரா. எழுதியது:

ஐந்து வயதுக் குழந்தைக்கு 'சொன்னார்' என்பது செயற்கை. படிக்கிறவர் ஒவ்வொரு வரியிலும் தடுக்குவார். குழந்தைக்கு அஃறிணை முடிபு இகழ்ச்சி அல்ல, அன்பு. 'உவப்பினும்' என்பது அதற்குத்தான்.

ம.செ. எழுதியது:

எல்லாக் குழந்தைக்கும் 'சொன்னது' என்றால் எனக்கு மறுப்பில்லை ஐயா. அதே தொகுப்பில் மற்றக் கட்டுரைகளில் 'சிறுவன் சொன்னான்', 'சிறுமி சொன்னாள்' என்று இருந்துவிட்டு, இந்தக் கட்டுரையின் குழந்தைகள் மட்டும் 'சொன்னது' ஆகக் கூடாது. தொகுப்பு முழுக்க மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். முடியாவிட்டால் 'சொன்னார்' இருக்கட்டும், வாசகர் தடுக்கினாலும் பரவாயில்லை.

வே.க. எழுதியது:

மற்றக் கட்டுரைகள் அச்சுக்குப் போய்விட்டன. 'சொன்னார்' என்றே அனுப்புகிறேன். நோயாக்கல், பால்வழு, பால்வழுப்படுத்தல், தற்சுட்டுப் பாலினம், பிறர்சுட்டியம், மறைமுக ஆய்வுவட்டம். எல்லோருக்கும் நன்றி.

அ.இரா. எழுதியது:

'சொன்னார்' குறித்த என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். உப்பால் பற்றி ஈ.தி.க்கு நாளை எழுதுகிறேன்.