டெக்சஸில் வீட்டுப் பள்ளி: ஆறு வயசுக்கு வாசிப்பும் பழங்கால வரலாறும்

ஆகஸ்ட் நெருங்கினா இந்தக் கேள்வி வந்துடும். இந்தத் தடவை கேட்டிருக்கிற தங்கச்சி டெக்சஸ் ஃப்ரிஸ்கோவுக்குப் புதுசு. வீட்டுக்காரர் எச்-1பி (வேலை விசா), இவங்க எச்-4 (அந்த விசாக்காரர் குடும்பத்துக்கான விசா), பொண்ணுக்கு ஆறு வயசு. "வாசிப்பு, இங்கிலீஷ், பழங்கால வரலாறு எல்லாம் நானே வீட்டில் சொல்லித்தரலாமா? விசாவுக்குச் சிக்கல் வருமா?" தனித்தனியா பதில் போடுறதுக்குப் பதிலா எல்லாத்தையும் இங்கேயே எழுதிடறேன்.

முதல்ல சட்டம், சுருக்கமா. டெக்சஸில் செப்டம்பர் 1 அன்னிக்கு ஆறு வயசு ஆகியிருந்தா கட்டாயக் கல்வி வயசு தொடங்கிடும். வீட்டுப் பள்ளியை இங்கே தனியார் பள்ளி மாதிரியே பார்க்கிறாங்க. 1994-ல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி பண்ணிடுச்சு. பேருக்கு நடத்தாம நிஜமா நடத்தணும். புத்தகம், பயிற்சி நோட்டு, வீடியோ மாதிரி கண்ணால் பார்க்கிற பாடம் இருக்கணும். வாசிப்பு, ஸ்பெல்லிங், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு இந்த அஞ்சும் அதில் வரணும். பதிவு இல்லை, அரசுத் தேர்வு இல்லை, உங்க டிகிரியை யாரும் கேட்க மாட்டாங்க. குழந்தையை ஏற்கெனவே பப்ளிக் ஸ்கூலில் சேர்த்திருந்தா மட்டும், வீட்டில் படிக்க வைக்கப் போறோம்னு தேதி போட்டு எழுதிக் கொடுத்துட்டு விலக்குங்க. சொல்லாம நிறுத்தினா ஆப்சென்ட் கணக்கில் போய் வீண் தலைவலி.

விசா: எச்-4 குழந்தையோட ஸ்டேட்டஸுக்கும் ஸ்கூல் சேர்க்கைக்கும் சம்பந்தம் இல்லை. சொந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது வேலையும் இல்லை. ஆனா பக்கத்து அபார்ட்மென்ட் பிள்ளைகளையும் உட்கார வெச்சு மாசம் இவ்வளவுன்னு வாங்கினா அது வேலை. ஈஏடி, அதாவது வேலை அனுமதி அட்டை, கையில் இல்லாம அதில் இறங்காதீங்க.

இப்ப வாசிப்பு. நம்ம ஊரில் படிச்சவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மெய்யெழுத்தைத் தனியா சொல்லச் சொன்னா முன்னாடியோ பின்னாடியோ ஒரு உயிரைச் சேர்த்துடுவோம். 'பேட்' என்ற மட்டைக்கு எழுத்துக்கூட்டச் சொன்னா 'ப, ஏ, டு'ன்னு வரும். அதைக் குழந்தை ஒட்டிப் பார்த்தா 'பஏடு'தான் கிடைக்கும், மட்டை கிடைக்காது. 'ப்', 'ட்' ரெண்டையும் உதட்டிலேயே, நாக்கு நுனியிலேயே வெட்டி நிறுத்தப் பழகுங்க. குழந்தைக்கு முன்னாடி நீங்க பழகணும். அப்புறம் 'வி'யும் 'டபிள்யூ'வும்: முதல்ல மேல்பல் கீழுதட்டைத் தொடும், ரெண்டாவதுக்கு உதடு குவியும். 'பென், பேன், பின்' மூணையும் காதால் பிரிக்கத் தெரிஞ்ச பிறகுதான் எழுத்தைக் காட்டணும். எழுத்தோட பேரை மனப்பாடம் பண்ண வைக்கிறதுக்கு அவசரமே இல்லை. இருக்கிறது 26 எழுத்து, ஒலியோ சுமார் 44. அங்கேதான் உங்க நேரம் போகணும். அமெரிக்காவில் 2000-ல் வந்த தேசிய வாசிப்புக் குழு அறிக்கையும் ஒலியுணர்வு, எழுத்து–ஒலித் தொடர்பு, சரளம், சொல்வளம், புரிதல்னு அஞ்சையும்தான் வலியுறுத்துது. படத்தைப் பார்த்து வார்த்தையை ஊகிக்கச் சொல்ற புத்தகங்களை ஓரமா வையுங்க. ஏற்கெனவே சொல்லிக்கொடுத்த ஒலிகளை மட்டும் வெச்சு எழுதின குட்டிப் புத்தகங்கள் லைப்ரரியில் 'டீகோடபிள்'னு கேட்டாக் கிடைக்கும். லைப்ரரி கார்டுக்கு பொதுவா வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ காட்டினாப் போதும், உள்ளூர்க்காரங்களுக்கு இலவசம்.

ஒரு நாளைக்கு இந்த ஒலி வேலை பதினஞ்சு, இருபது நிமிஷத்துக்கு மேல வேண்டாம். குழந்தையால் தானே வாசிக்க முடிஞ்சது 'பூனை பாயில் உட்கார்ந்தது' அளவுதான் இருக்கும். ஆனா அதே குழந்தைக்குக் காதால் பிரமிடு கட்டின கதையே புரியும். அதனால என் வழி இது: எழுத்துப் பயிற்சி இங்கிலீஷில், வரலாறு தமிழில். நீங்க முதல்நாள் ராத்திரி இங்கிலீஷ் புத்தகத்தில் நாலு பக்கம் படிச்சுக்கோங்க, மறுநாள் தமிழில் கதையாச் சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் குழந்தை அதைத் திருப்பிச் சொல்லணும், அதுவும் தமிழில். இங்கே ஹோம்ஸ்கூல் வீடுகளில் இதை 'நரேஷன்'ம்பாங்க. பிரிட்டிஷ் கல்வியாளர் ஷார்லட் மேசன் (1842–1923) வலியுறுத்தின முறை. திருப்பிச் சொன்னதில் இருந்து ஒரே ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் நீங்க அழகா எழுதிக்கொடுங்க, அது பார்த்து எழுதட்டும். தொடக்கத்தில் பெரிய எழுத்து, கடைசியில் புள்ளி. டெக்சஸ் கேட்கிற ஸ்பெல்லிங்கும் இலக்கணமும் இந்த வயசுக்கு அதிலேயே அடங்கிடும். தனியா இலக்கண ஒர்க்புக் வாங்கினா பாதியில் கிடக்கும், பார்த்துட்டேன்.

பாடத்திட்டம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இங்கே விற்கிற வரலாற்றுப் பாடங்களில் நிறைய கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக எழுதினவை. சிலதில் உலகம் தோன்றி ஆறாயிரம் வருஷம்னு கணக்கு வெச்சு, பைபிள் வெள்ளத்தையும் எகிப்து மன்னர்களையும் ஒரே காலவரிசையில் போட்டிருப்பாங்க. அது அவங்க நம்பிக்கை. உங்களுக்கு வேண்டாம்னா 'செக்யுலர்'னு சேர்த்துத் தேடுங்க, முதல் அத்தியாயத்தைப் படிச்சுட்டு வாங்குங்க. கோ-ஆப்பில் (ஹோம்ஸ்கூல் வீடுகள் சேர்ந்து நடத்துற குழு) சேரும்போதும் மத நம்பிக்கை உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்கிறாங்களான்னு பாருங்க.

வரலாறு சட்டம் கேட்கிற அஞ்சில் இல்லை, அதனால அதில் உங்களுக்கு முழுச் சுதந்திரம். முதல்ல சுவத்தில் காலக்கோடு. கடையில் பில் போடுற காகிதச் சுருள் ஒண்ணு வாங்கி, ஒரு மீட்டருக்கு ஆயிரம் வருஷம்னு ஒட்டுங்க. கி.மு. எண்கள் பின்னால் போகப் போகப் பெரிசாகிறது ஏன்னு வாயால் விளக்கி மாளாது. கோட்டுப் பக்கத்தில் நடந்தா புரிஞ்சுடும். எகிப்து மன்னர் கூஃபுவோட பிரமிடு சுமார் கி.மு. 2560, கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30. அவளுக்குப் பிரமிடை விட நாம்தான் பக்கம். குழந்தையையே ஸ்கேல் வெச்சு அளக்க விடுங்க.

மெசொப்பொத்தேமியாவை (இன்னிக்கு ஈராக் பக்கம்) மன்னர் பட்டியலா நடத்தினா குழந்தை தூங்கிடும். அங்கே 'ஊர்' (Ur) என்கிற பேருள்ள பழைய நகரத்தில் கிடைச்ச ஒரு களிமண் பலகை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கு, சுமார் கி.மு. 1750. நன்னி என்கிற ஆள் ஈயா-நாசிர் என்கிற செம்பு வியாபாரிக்கு எழுதின புகார்: 'தரமில்லாத செம்பைக் காட்டினே, நான் அனுப்பின ஆளை மட்டமா நடத்தினே'ன்னு திட்டு. இதைச் சொல்லிட்டு, களிமண்ணும் ஐஸ்க்ரீம் குச்சியும் கொடுத்து, குழந்தைக்கு யார் மேல புகாரோ எழுதச் சொல்லுங்க. அண்ணன்காரன் மேலதான் வரும். அன்னிக்கு வரலாறு, எழுத்து, கடிதம் எல்லாம் முடிஞ்சுது. எகிப்துக்கு வந்தா ஆப்பிள் துண்டை உப்பும் பேக்கிங் சோடாவும் கலந்து மூடி வையுங்க. நார்த்தங்காய் உப்பில் கிடந்து சுருங்குற மாதிரிதான் மம்மியும்னு புரிஞ்சுக்கும். டல்லாஸ் ஆர்ட் மியூசியத்தில் எகிப்தியப் பொருட்கள் இருக்கு, பொது நுழைவு இலவசம்.

இங்கே கிடைக்கிற புத்தகங்களில் சிந்துவெளிக்கு ஒரு சின்ன அத்தியாயம், தென்னிந்தியாவுக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. அதை நீங்கதான் நிரப்பணும், ஆனா தனிப் பாடமா இல்லை, அந்தந்த இடத்திலேயே. எகிப்து மன்னர் இரண்டாம் ராம்சேஸ் கி.மு. 1213-ல் இறந்தப்ப, மம்மியோட மூக்குத் துவாரத்தில் மிளகு வெச்சிருந்தாங்க. அஞ்சறைப் பெட்டியில் இருந்து ஒரு மிளகை எடுத்துக் கையில் கொடுத்துட்டு, இது மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துச் சரக்கு, அங்கே எப்படிப் போச்சுன்னு கேளுங்க. ரோமர்கிட்ட வரும்போது, எகிப்தோட செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு கோயிலில் இந்தியச் சாடியில் ஏழரை கிலோ மிளகு கிடைச்சதைச் சொல்லுங்க. அதே கரையில் குசேர் அல்-காதிமில் தமிழ்-பிராமி எழுத்து பொறிச்ச பானை ஓடு கிடைச்சது, அதை 'பானை ஒறி' (உறியில் தொங்கவிடுற பானை)ன்னு படிச்சவர் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டினப்ப வந்த ரோம மதுச் சாடிகளையும் காட்டினா, கப்பல் ரெண்டு பக்கமும் போயிருக்குன்னு அதுவே சொல்லும். கீழடியில் 2019 அறிக்கைப்படி அங்கே எடுத்துச் சோதிச்ச ஒரு மாதிரியோட (சாம்பிள்) காலம் கி.மு. 580, காலக்கோட்டில் அதுக்கும் ஒரு புள்ளி. ஆனா வாட்ஸப்பில் வர்ற 'உலகத்துக்கே நாகரிகம் நம்மகிட்ட இருந்துதான் போச்சு' வகையறாவைக் குழந்தைகிட்டச் சொல்லாதீங்க. சிந்துவெளி எழுத்தை யாரும் இன்னும் படிக்கலைன்னு சொல்லிப் பாருங்க, அதுக்கு அது எவ்வளவு பிடிக்குதுன்னு.

பென்சில்வேனியாவுக்கு மாறப் போறோம்னு கேட்டவருக்கு: அங்கே இவ்வளவு இளக்கம் இல்லை. தொடங்கும் முன்னாடி அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்), வருஷம் 180 நாள், படிச்ச புத்தகப் பதிவு, குழந்தை செஞ்ச வேலைகளோட தொகுப்பான போர்ட்ஃபோலியோ, வருஷக் கடைசியில் மதிப்பீட்டாளர். நியூயார்க்கில் வருஷத்துக்கு நாலு காலாண்டு அறிக்கை. நியூஜெர்சியில் முன்கூட்டித் தெரிவிக்கவே வேண்டாம். எச்-1பி குடும்பம் எப்ப எங்கே மாறும்னு சொல்ல முடியாது, அதனால டெக்சஸில் கேட்காட்டியும் தேதி போட்ட நோட்டுகளையும் புத்தகப் பட்டியலையும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்க. இந்தியா திரும்பி ஸ்கூலில் சேர்க்கும்போதும் காட்ட அதுதான் இருக்கும்.

ஜெர்மனி ஸ்டுட்கார்ட்டில் இருந்து இதையே கேட்டவருக்கு: ஜெர்மனியில் வீட்டுப் பள்ளிக்கு வழி இல்லை, குழந்தை ஸ்கூலுக்குப் போயே ஆகணும், ஸ்வீடனிலும் அசாதாரணக் காரணம் இருந்தா மட்டும்தான் அனுமதி. ஸ்கூல் விட்டு வந்த பிறகு சாயங்காலம் அரை மணி, தமிழில் கதையும் காலக்கோடும் மட்டும் வெச்சுக்கோங்க. வாசிப்பை அங்கே டீச்சர் ஜெர்மனில் பார்த்துப்பாங்க. அந்த நேரத்தில் இங்கிலீஷ் எழுத்து ஒலியை நீங்க கலக்காம ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க.