இருபது ஆண்டுப் பழைய ஓட்டுநர் உரிமம்: இணையத்தில் புதுப்பிப்பதா, நேரில் செல்வதா?

ஆற்காட்டுவாசி (கேள்வி)

அன்பர்களுக்கு வணக்கம். 2006-ஆம் ஆண்டு வேலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், இருசக்கர வாகனத்துக்கும் காருக்கும் சேர்த்து நான் எடுத்த ஓட்டுநர் உரிமம் இன்னும் சில மாதங்களில் காலாவதியாகிறது. அப்போது ஆற்காடு வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019-இல் மாவட்டம் பிரிந்தபின் நாங்கள் ராணிப்பேட்டைக்காரர்கள் ஆகிவிட்டோம். எனக்கு வயது 42. எல்லாவற்றையும் இணையத்திலேயே முடித்துவிடலாம் என்கிறார் அலுவலக நண்பர் ஒருவர். நேரில் போய் நின்றால்தான் அட்டை கைக்கு வரும் என்கிறார் எங்கள் தெருவில் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். நேரில்தான் என்றால் வேலூருக்குப் போக வேண்டுமா, ராணிப்பேட்டைக்கா? என் தந்தையாரின் உரிமம் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அதற்கும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

காட்பாடி வாசகர்

அட்டை விஷயத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர் சொல்வது பழைய கதை. 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமம் விரைவு அஞ்சலில்தான் அனுப்பப்படுகிறது; நீங்கள் அலுவலக வாசலிலேயே நின்றாலும் கையில் தரமாட்டார்கள். ஆகவே விண்ணப்பத்தில் உள்ள முகவரி சரியாக இருப்பதுதான் முக்கியம். உங்கள் ஆதாரில் ஆற்காட்டு முகவரியும், இப்போது பயன்படுத்தும் கைபேசி எண்ணும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், ஏனெனில் ஆதார் வழியே விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

தேர்வு தேவைப்படாத உரிமப் புதுப்பித்தலை, அலுவலகம் செல்லாமலே ஆதார் அடிப்படையில் முடிக்கக்கூடிய சேவைகளில் ஒன்றாக மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2021 மார்ச்சில் அறிவித்தது. காலாவதியாகும் நாளுக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் நீங்கள் கடைசி மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாற்பது வயதைக் கடந்துவிட்டதால் படிவம் 1-ஏ என்னும் மருத்துவச் சான்று வேண்டும். கண்ணைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது ஊரறிந்த சங்கதி. இப்போது மருத்துவரே சான்றை, உரிமங்களுக்கான அரசு இணையதளமான சாரதியில் பதிவேற்றும் முறை வந்திருப்பதால், அத்தளத்தில் பதிவு செய்துள்ள மருத்துவரா என்று கேட்டுக்கொண்டு போங்கள். புதுப்பித்தால் உங்களுக்குப் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

குடியாத்தம், இ-சேவை அனுபவம்

மேலே சொன்னவை சரியே. ஆனால் அவை அனைத்தும் உங்கள் உரிம விவரம் சாரதியில் இருந்தால் மட்டுமே பொருந்தும். நான் பார்த்தவரை, பழைய உரிமம் வைத்திருப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் விவரம் இல்லை என்று வரும்; உடனே ஆதாரில் கோளாறு, சர்வரில் கோளாறு என்று நினைத்து நாள்கணக்கில் முயன்றுகொண்டே இருப்பார்கள். உண்மையில், அலுவலகத்துப் பழைய பதிவேட்டிலோ பழைய கணினியிலோ உள்ள பதிவு புதிய தளத்துக்கு ஏற்றப்படாமல் இருக்கும். அதை ஏற்றித் தர வேண்டியது உரிமம் வழங்கிய அலுவலகம். உங்களுக்கு அது வேலூர். அசல் உரிமத்தையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு அங்கே ஒருமுறை போய்வந்தால், மீதியை வீட்டிலிருந்தே செய்யலாம்.

எந்த ஊர் அலுவலகம் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி எந்த உரிமம் வழங்கும் அலுவலரும் புதுப்பிக்கலாம் என்பதால், விவரம் தளத்தில் இருந்தால் ராணிப்பேட்டையே போதும். ஆகவே இன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான்: எண்ணைப் போட்டுப் பாருங்கள். புரோக்கரிடம் பணம் கொடுப்பதெல்லாம் அதற்கு முன்பு வேண்டாம்.

ஆற்காட்டுவாசி

பார்த்துவிட்டேன், ஐயா. பெயரும் பிறந்த தேதியும் சரியாக வருகின்றன. காரை மட்டும் காணவில்லை, இருசக்கர வாகனம் மட்டுமே உள்ளது.

குடியாத்தம், இ-சேவை அனுபவம்

அப்படியானால் வேலூருக்குப் போய்த் திருத்திய பிறகே விண்ணப்பியுங்கள். அப்படியே புதுப்பித்தால் புதிய அட்டையிலும் கார் இருக்காது. விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது, எந்த வண்டிக்கு உரிமம் என்ற அந்த விவரத்தைத்தான்.

வாலாஜா, ஓய்வுபெற்ற ஓட்டுநர்

தந்தையார் பற்றி யாரும் சொல்லவில்லையே. காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் 2019 திருத்தத்தின்படி அவர் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். எனவே அவருக்கு நேரில் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. முன்பு இந்தக் கெடு ஐந்து ஆண்டுகளாக இருந்ததால் பலர் இன்னும் அந்த நினைப்பிலேயே இருக்கிறார்கள். காலாவதிக்குப் பின் முப்பது நாள் உரிமம் செல்லும் என்ற பழைய சலுகையும் அந்த 2019 திருத்தத்தில் நீக்கப்பட்டது. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர் என்றால் தேர்ச்சி பெற்றபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். அவர் தேர்ச்சி பெறும்வரை வண்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்வது நல்லது. உரிமமின்றி ஓட்டினால் அபராதம் ஐயாயிரம் ரூபாய்.