ஜப்பான்காரன் காலத்தில் கோயில் கதவு பூட்டியா இருந்தது?

செந்தூல்வாசி:
நேற்று முகநூலில் ஒரு பதிவு படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. மியன்மார் போருக்குத் தப்பி வந்த சின் இன மக்களுக்குக் கோலாலம்பூர் சபைகள் இடம் கொடுப்பதைக் கிண்டலடித்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "போர் என்று வந்தால் எந்தச் சபையும் யாரையும் சேர்க்காது. உலகப் போரில் மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரப் பாதிரிகள் சிங்கப்பூர் சாங்கி சிறைக்குப் போனார்கள், கிறிஸ்தவக் கோயில்களுக்குப் பூட்டு விழுந்தது."

பச்சைப் பொய். மலாயாவில் இருந்த கத்தோலிக்கப் பாதர்களில் பலர் பிரெஞ்சுக்காரர்கள். பிரான்ஸில் அப்போது ஹிட்லரோடு ஒத்துப்போன விஷி அரசாங்கம், ஜப்பானுக்கு அது எதிரி இல்லை. அதனால் பிரிட்டிஷ்காரர்களைப் போல் அவர்களைப் பிடித்து அடைக்கவில்லை. பூசை நடந்தது. கதவு திறந்திருந்தது.

என் தாத்தாவை 1943இல் ஜப்பான்காரர்கள் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள். பாட்டி இரண்டு பிள்ளைகளோடு தோட்ட லயத்தை விட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தே வந்தார். நெற்றியில் திருநீறோடு வந்தவருக்குக் கோயில் பின்கட்டில் சாக்கு விரித்துப் படுக்க இடம் கொடுத்தார்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தகரத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள், தொட்டுக்கொள்ள உப்புகூட இல்லை. ஞானஸ்நானச் சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

பட்டர்வொர்த் பையன்:
அந்தப் பதிவை எழுதியவன் நான்தான் அண்ணே. என் பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். பிரெஞ்சுப் பாதர் என்ற ஒரே துரும்பைப் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்டப் பார்க்கிறீர்கள். சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் பிஷப் வில்சனைச் சாங்கியில் போட்டார்களா இல்லையா? பினாங்கு செயின்ட் ஜார்ஜ் ஆலயம் சேதமாகி, உள்ளே இருந்த சாமான்கள் கொள்ளை போனதா இல்லையா? அங்கே எந்தக் கதவு திறந்திருந்தது?

செந்தூல்வாசி:
வில்சனை அடைத்தது 1943 மார்ச்சில். சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரியில். நடுவில் ஒரு வருஷம், கிறிஸ்தவரான ஒரு ஜப்பானிய அதிகாரியின் உதவியால், அவர் வெளியில்தான் இருந்தார், ஆராதனை நடத்தினார். அரைகுறையாகப் படித்துவிட்டுப் பதிவு போடாதீர்கள் தம்பி. கதவு திறந்திருந்தது.

தோட்டத்து மகள்:
கதவு கதவு என்று இரண்டு பேரும் மாறி மாறித் தட்டுகிறீர்கள். சயாமில் தமிழர்கள் காலராவில் ஆயிரக்கணக்கில் செத்தார்களே, அங்கே எந்தப் பாதர் வந்தார்? செந்தூல் அண்ணன் பாட்டி கொடுத்துவைத்தவர். எங்கள் லயத்துப் பெண்கள் எங்கேயும் போகவில்லை, கிழங்கு நட்டுத் தாங்களே பிழைத்தார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் லுத்தரன்:
கத்தோலிக்கர் மட்டும்தான் சபையா? எங்கள் சீயோன் ஆலயம் 1924இலிருந்து இங்கே நிற்கிறது. லுத்தரன் ஊழியத்தை இங்கே தொடங்கியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழ்ப் போதகர்மார். வெள்ளைக்காரன் போனால் பூட்டிவிட்டுப் போக, அது அவன் வீட்டுக் கடையா?

செந்தூல்வாசி:
அதைத்தானே ஐயா நானும் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் லுத்தரன்:
நீங்கள் பிரெஞ்சுக்காரர்களைத்தான் சொன்னீர்கள். மேலே போய்ப் படித்துப் பாருங்கள்.

பட்டர்வொர்த் பையன்:
பகாவை ஏன் ஒருவரும் பேசவில்லை? போர்க்காலத்தில் சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்களை நெகிரி செம்பிலான் காட்டுக்குள் கொண்டுபோய்க் குடியேற்றினார்களே! தங்கள் ஆட்களுக்குத் தனிக் குடியிருப்பு, மற்றவர்களுக்குப் பட்டை நாமம். இதுதான் உங்கள் வரவேற்பு.

செந்தூல்வாசி:
வாய் கூசாமல் பேசுகிறீர்கள். பகாவில் மலேரியாவில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். கூடவே போன கத்தோலிக்க பிஷப் தெவால் கால் புண் முற்றி 1945இல் இறந்தார். பிரெஞ்சுக்காரர்தான், சிறையில் இல்லை, ஓடவும் இல்லை. பினாங்கில் உங்கள் பிரிட்டிஷ்காரன் 1941 டிசம்பரில் ஐரோப்பியர்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு போனானே, அதைப் பற்றி ஒரு பதிவு போடுங்கள்.

பட்டர்வொர்த் பையன்:
'என்' பிரிட்டிஷ்காரனா? குண்டு விழுந்து செத்தது எங்கள் ஜனம். கோலாலம்பூர்க்காரர்கள் எங்களுக்குச் சரித்திரம் சொல்லித்தர வேண்டாம்.

வவுனியாப் பிள்ளை:
பழங்கதை இருக்கட்டும். 2009இல் நான் இங்கே வந்தபோது ஒரு சபையில் ஊர்ச் சபைக் கடிதம் கேட்டார்கள். என் ஊரில் சபையும் இல்லை, கடிதம் எழுதப் போதகரும் இல்லை. இன்னொரு சபையில் ஒன்றும் கேட்கவில்லை, ஆராதனை முடிந்ததும் சாப்பிட உட்கார வைத்தார்கள். இரண்டும் இதே ஊர்தான்.

தோட்டத்து மகள்:
எங்கள் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தச் சபை மண்டபம் கேட்டபோது கரண்ட் பில் காட்டினார்கள். இப்போது சின் பிள்ளைகளுக்குத் தினமும் வகுப்பு. கேட்டால் நான் பொறாமைக்காரி.

செந்தூல்வாசி:
அக்கா, அந்தப் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் சேர முடியாது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்தே போடவில்லை. சபை மண்டபத்தை விட்டால் அவர்கள் எங்கே போய்ப் படிப்பார்கள்? உங்களுக்கு மண்டபம் தராதது தப்புதான். அதற்கு அவர்களை ஏன் இழுக்கிறீர்கள்? தம்பிக்கு மறுபடியும் சொல்கிறேன்: 1942இல் பூசை நடந்தது, 1943இல் நடந்தது, 1944இலும் நடந்தது. பதிவை எடுங்கள்.

பட்டர்வொர்த் பையன்:
எடுக்க மாட்டேன். பூசை நடந்தது என்றால் வெளியாளைச் சேர்த்தார்கள் என்று அர்த்தமா?

செந்தூல்வாசி:
என் பாட்டி வெளியாள்தானே!

பிரிக்பீல்ட்ஸ் லுத்தரன்:
அது எந்தக் கோயில் என்று இதுவரை நீங்கள் சொல்லவே இல்லையே?