தைலமரத்துக்கு நடுவே சவுக்கு: உரம் மிச்சமாகுமா?

செம்மண்காடு:
மானாவாரிச் செம்மண், கார அமில நிலை 5.8, மழை 850 மி.மீ. வெட்டி முடித்த தைலமரக் காடு. மறுநடவில் ஒரு வரிசை தைலம், ஒரு வரிசை சவுக்கு என்று போட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) உரச் செலவு குறையுமா?

வேர்முடிச்சு:
குறையும். சவுக்கு வேர்முடிச்சில் வாழும் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கிறது. சருகும் நுண்வேரும் மட்கும்போது அது பக்கத்துத் தைலத்துக்கும் போகும். ஹவாயில் பழைய கரும்பு நிலத்தில் 1982-ல் சாலிக்னா வகைத் தைலத்தோடு, சவுக்குபோலவே நைட்ரஜன் பிடிக்கும் ஃபால்கட்டேரியா மரத்தைக் கலந்து நட்டார்கள். கலப்பு போதிய அளவில் இருந்த பாத்திகளில் மொத்த மரம் தனித் தைலத்தைவிடக் கூடுதல்.

கரிசல்:
பாதிக் கதையை விட்டுவிட்டீர்கள். அங்கே மழை 4,000 மி.மீ.க்கு மேல், எரிமலைச் சாம்பல் மண். ஃபால்கட்டேரியா கூடக் கூட, மண்ணில் மரம் எடுக்கக்கூடிய மணிச்சத்து (பாஸ்பரஸ்) இறங்கியதும் அதே சோதனையில்தான். பிரேசிலில் இட்டாட்டிங்காவில் கிராண்டிஸ் வகைத் தைலத்தோடு, நைட்ரஜன் பிடிக்கும் இன்னொரு மரமான அக்கேசியா மாஞ்சியத்தைக் கலந்தபோது அடிமர விளைச்சல் தனித் தைலத்தைத் தாண்டவில்லை; தைலம் நிழல் கட்டியது, அக்கேசியா அடியில் அடங்கிப்போனது. இங்கே 850 மி.மீ.யில் எதை நம்பிக் கலப்பது?

வேர்முடிச்சு:
இறங்கிய மணிச்சத்து எங்கும் ஓடிவிடவில்லை. மண்ணிலிருந்து மரத்துக்கும் சருகுக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. சருகு மட்கினால் திரும்பிவிடும்.

கரிசல்:
சருகை விட்டால்தானே! சவுக்குச் சருகை அடுப்புக்கு வாரிக்கொண்டு போகாத ஊர் ஏது? கிடந்தாலும் சீக்கிரம் மட்காது. அதோடு, முடிச்சு வேலை செய்யவே மணிச்சத்து வேண்டும். செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பூட்டி வைத்திருக்கின்றன.

நாற்றங்கால்:
முதலில் நாற்றைப் பாருங்கள். முடிச்சில்லாத சவுக்கு, தைலத்தோடு தண்ணீருக்குப் போட்டி போடும் இன்னொரு மரம், வேறொன்றுமில்லை. சவுக்கே நின்றிராத நிலத்தில் ஃபிராங்கியாவை எதிர்பார்க்க முடியாது. பத்து நாற்றைப் பிடுங்கினால் வேரில் பவளம்போல் கொத்துக் கொத்தாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நல்ல தோப்பின் முடிச்சுகளைக் கழுவி, நசுக்கி, நீரில் கரைத்துப் பாத்தியில் ஊற்றுங்கள். அங்கே யூரியாவை வீசினால் முடிச்சு கட்டாது.

நடவு: வரிசைக்கு வரிசை 2 மீட்டர். வரிசைக்குள் தைலம் 2 மீட்டர், சவுக்கு 1 மீட்டர் இடைவெளி. ஏக்கருக்குத் தைலம் சுமார் 500, சவுக்கு 1,000. சவுக்கை ஒரு மழைக்காலம் முந்தியே நடுங்கள். இட்டாட்டிங்கா நிழல் தொல்லைக்கு நான் சொல்லும் வழி அதுதான். சவுக்குக் குழிக்கு 50 கிராம் சூப்பர் பாஸ்பேட், தொழுவுரத்தோடு கலந்து. 5.8-ல் ராக் பாஸ்பேட்டும் கரையும். கார மண்ணாக இருந்தால் காசுக்குக் கேடு.

கரிசல்:
முந்தி நடுவது சரி, ஏற்கிறேன். ஆனால் வெட்டும்போது என்ன நடக்கிறது? பட்டையோடு லாரியில் ஏற்றினால் சுண்ணாம்புச்சத்து போயிற்று. இலை, மிளாரைக் கொளுத்தினால் தழைச்சத்து புகையாகப் போயிற்று. பட்டையைக் காட்டிலேயே உரித்து, மிளாரைப் பரப்பினாலே தனித் தைலமும் தாங்கும்.

வேர்முடிச்சு:
பட்டை இருந்ததைக் காக்கும். புதுத் தழைச்சத்தைக் கொண்டுவராது.

நாற்றங்கால்:
நிலத்தில் ஒரு ஓரம் தனித் தைலமாகவே விடுங்கள், பட்டையும் மிளாரும் இரண்டு பக்கமும் கிடக்கட்டும். மூன்றாம் ஆண்டு நெஞ்சுயரச் சுற்றளவை இரு பக்கமும் அளந்து இங்கே போடுங்கள். ஓர வரிசை மரங்களை அளவில் சேர்க்காதீர்கள், வெயில் கூடுதலாக வாங்கிப் பருத்திருக்கும்.