துறை இணையதளத்தில் மக்கள் தேடுவது கிடைப்பதில்லை, எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: தறிநாடா
மாவட்ட அளவிலான ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் கணினி வேலை பார்க்கிறேன். இணையதளத்தில் கோப்பு ஏற்றுவதும் என் வேலைதான். போன வாரம் ஓர் அம்மா போனை நீட்டி, இலவசத் தையல் இயந்திரத்துக்கான படிவம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நானே தேடினேன். முகப்பு, பிரிவுகள், 'இ பிரிவு', படிவங்கள், அதற்குள் 'ஸ்கேன்0047' என்று ஒரு பிடிஎஃப், திறந்தால் பக்கம் குறுக்கே படுத்திருக்கிறது. ஏற்றியது நான்தான், அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. புது டிசைன் போடலாம் என்கிறார் அதிகாரி. அதனால் தீருமா?

பதில்: மேகலா_கோவை
தீராது. உங்கள் மெனு அலுவலகத்தில் எந்த சீட் எதைப் பார்க்கிறது என்பதைச் சொல்கிறது, அந்த அம்மாவுக்கு 'இ பிரிவு' எதற்கு? பிரிட்டனில் 2012 அக்டோபரில் கவ்.யூகே என்ற பொது அரசுத் தளத்தைத் தொடங்கியபோது, பயனருக்கு என்ன தேவை என்பதிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். வண்டி வரி கட்ட வருபவர் அது எந்தத் துறை என்று தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் கவுண்டரில் ஒரு நோட்டு வையுங்கள். கேட்டவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, அதிகம் வருவதை அதே வார்த்தையில் முகப்பில் போடுங்கள்.

பதில்: செவிவழி
எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் வாசிப்பான்தான் துணை, கணினியில் என்விடிஏ, போனில் டாக்பேக். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், திறந்தால் வாசிப்பான் மௌனமாகிவிடும். வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பு இன்னும் மோசம், அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகப் படிக்கும், தேடினாலும் அகப்படாது. எல்லாக் கருவியிலும் தமிழைத் தமிழாகவே படிக்க உதவும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடைப் பயன்படுத்தச் சொல்லி தமிழக அரசு ஆணையிட்டது 2010இல். தட்டச்சு செய்த மூலக்கோப்பையே கேட்டு வாங்கி, விவரத்தைப் பக்கத்தில் எழுத்தாகவே போடுங்கள் சார். கையெழுத்துள்ள ஸ்கேன் கீழே இருக்கட்டும்.

பதில்: இசேவை_மணி
தேதி, தேதி, தேதி. ஒரே பெயரில் மூன்று படிவம் கிடந்தால் எது நடப்பில் இருப்பது என்று எங்களுக்கே தெரியாது, பழையதை நிரப்பிக் கொடுத்து திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாள் கூலி போய்விடும். அப்புறம், புதுசு போடும்போது பழைய சுட்டியை உடைக்காதீர்கள், வாட்ஸ்அப் குழுக்களில் அதுதான் சுற்றுகிறது. பழைய சுட்டியைத் தொட்டாலும் புதுப் படிவம் திறக்கட்டும். அதிகாரி தயங்கினால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவைக் காட்டுங்கள். யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவை என்னென்ன என்று அதில் இருக்கிறது, வட்டார மொழியையும் கவனத்தில் கொள்ளச் சொல்கிறது.

தறிநாடா
நன்றி. நோட்டு நாளைக்கே ஆரம்பம், தையல் இயந்திரப் படிவத்தை இன்றே மாற்றிவிடுகிறேன். வானவில் கோப்புகள் நிறைய இருக்கின்றன, யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்கணுமா?

செவிவழி
மாற்றித்தர இலவசக் கருவிகள் உண்டு. ஆனால் நடுவில் வரும் ஆங்கில எழுத்துகளையும் தமிழாக்கிவிடும். மின்னஞ்சல் முகவரி, வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீடு இரண்டையும் கண்டிப்பாகக் கண்ணால் பாருங்கள். நோட்டில் அதிகம் வந்ததிலிருந்து தொடங்குங்கள். முதல் பக்கம் தயாரானதும் சுட்டியை அனுப்புங்கள், என்விடிஏவில் கேட்டுச் சொல்கிறேன்.